மங்குஸ்தான்: விதைக் கன்றா, ஒட்டுக் கன்றா? சுளை கண்ணாடி மாதிரி ஆவது ஏன்?

மலையடித்தோட்டம்:
செங்கோட்டைப் பக்கம் தென்னைக்கு ஊடே 20 மங்குஸ்தான் வைக்க யோசனை. குற்றாலத்தில் வாங்கின பழத்து விதையை ஒரு வாரம் நிழலில் உலர்த்தி 40 போட்டேன், 2 தான் முளைத்தது. நர்சரியில் ஒட்டுக் கன்றுக்கு மூன்று மடங்கு விலை சொல்கிறார்கள், 'உயர் ரகம்' என்று வேறு. வாங்கலாமா? இன்னொன்று, வாங்கின பழத்தில் பாதிக்குச் சுளை கண்ணாடி மாதிரி இருந்தது, சிலதில் மஞ்சள் பிசின். அந்த விதையைப் போட்டால் கன்றும் அப்படித்தான் காய்க்குமா?

ஒட்டுக்கத்தி:
உலர்த்தினதுதான் தப்பு அண்ணே. இது நெல், பயறு மாதிரி காயவைத்து எடுத்துவைக்கும் விதை இல்லை. ஈரம் போனால் சில நாளில் செத்துவிடும். பழத்தை உடைத்த அன்றைக்கே சதையைத் தேய்த்துக் கழுவிப் போட்டுவிட வேண்டும். முடியாவிட்டால் ஈரமான தென்னை நார்த்தூளில் புதைத்து வையுங்கள். ஒரு பழத்தில் பெரிய சுளை ஒன்றிரண்டில்தான் தேறின விதை இருக்கும். 1 கிராமுக்குக் குறைந்ததைத் தூக்கிப் போடுங்கள். முளைத்தாலும் கன்று சவலையாகவே நிற்கும்.

1 செ.மீ. ஆழம் போதும். மூன்று வாரத்தில் முளை தெரியும். விதையின் ஒரு முனையில் வேரும் மறுமுனையில் குருத்தும் வரும். பிறகு குருத்தின் அடியிலேயே புது வேர் இறங்கும், பழைய வேர் செத்துப்போகும். அந்த நேரத்தில் கிளறிப் பார்த்தால் போச்சு. பக்க வேர் மிகக் குறைவு, ஆணிவேர் நேரே இறங்கும். அதனால் 30 செ.மீ.க்குக் குறையாத உயரப் பை வேண்டும். குட்டைப் பையில் வேர் அடியில் சுருண்டுகொள்ளும். நட்டபின் வருஷக்கணக்கில் அசையாது.

ரகம் என்ற பேச்சை நம்பி அதிகக் காசு கொடுக்காதீர்கள். மங்குஸ்தான் விதை மகரந்தம் சேர்ந்து உண்டாவதில்லை, தாய் மரத்தின் அச்சு அப்படியே வரும். ரம்புட்டானில் விதை போட்டால் பாதிக்குப் பாதி ஆண் மரமாகப் போகும், அங்கே மொட்டு ஒட்டின கன்றுதான் வேண்டும். இங்கே அந்தப் பயம் இல்லை. ஒட்டின் ஒரே லாபம் காலம். விதைக் கன்று காய்க்க 8 வருஷத்துக்கு மேல் ஆகும், ஒட்டு அதற்குச் சில வருஷம் முந்தும். ஆனால் மரம் சிறியதாகவே நிற்கும், காய்ப்பும் குறையும்.

ஒட்டு வாங்கினால் கிளையமைப்பைப் பாருங்கள். நேரே மேல்நோக்கி வளர்ந்த நுனியில் எடுத்த ஒட்டுக்குச்சிதான் மரமாக எழும்பும். பக்கக் கிளையில் எடுத்தது தரையோடு படரும், குச்சி ஊன்றிக் கட்டினாலும் நிமிராது. வேர்ச்செடியும் மங்குஸ்தானாகவே இருக்க வேண்டும். குடம்புளி மாதிரி உறவுச் செடியில் ஒட்டினது முதலில் பிடித்தாற்போல் இருக்கும், பின்னால் ஏமாற்றிவிடும்.

சாரல்நீர்:
கண்ணாடிச் சுளைக்கு விதை காரணம் இல்லை, தண்ணீர்தான். சித்திரை, வைகாசி வெயிலில் காய் காய்ந்துகொண்டே பருத்திருக்கும். ஆனியில் சாரல் இறங்கினதும் மரம் மொத்தமாக உறிஞ்சும். உள்ளே அழுத்தம் தாங்காமல் பிசின் குழாய் வெடித்தால் மஞ்சள் பிசின் சுளையில் ஒழுகும். சுளைக்குள்ளேயே தண்ணீர் ஏறினால் கண்ணாடி. அதனால் பிஞ்சு பிடித்த நாள் முதல் சீராகத் தண்ணீர் காட்டுங்கள், அடியில் சருகு மூடாக்கு போடுங்கள். பூக்கும் முன் இரண்டு மூன்று வாரம் காயப்போடுவது நல்லது, பிஞ்சுக்குப் பிறகு காயவிடக்கூடாது. சுண்ணாம்புச் சத்துக் குறைந்த மண்ணில் பிசின் தொல்லை கூடும்.

வாங்கும்போது பழத்தை வாளித் தண்ணீரில் போடுங்கள். நல்லது மிதக்கும், கண்ணாடிச் சுளை பெரும்பாலும் மூழ்கும். அடியில் பூ மாதிரி இருக்கும் இதழை எண்ணினால் உள்ளே அத்தனை சுளை. இதழ் கூடினால் சுளை சிறியது, விதையில்லாததும் அதிகம். தின்பதற்கு அதை எடுங்கள், விதைக்கு இதழ் குறைந்ததை.

மலையடித்தோட்டம்:
நன்றி. சில பழம் தோடு கல் மாதிரி இருந்ததே, அதுவும் தண்ணீர்தானா?

சாரல்நீர்:
இல்லை, அது கீழே விழுந்த பழம். ஒரு சாண் உயரத்தில் விழுந்தாலே அடிபட்ட இடத்தில் தோடு இறுகிவிடும். உலுக்கிப் பறிக்கவே கூடாது. தொரட்டி நுனியில் துணிப்பை கட்டி, காம்போடு ஒவ்வொன்றாக எடுக்கணும்.

ஒட்டுக்கத்தி:
நாலு தென்னைக்கு நடுவில் ஒன்றாக வையுங்கள் அண்ணே. தென்னை நிழல் மெலிவாக இருந்தால், முதல் மூன்று நாலு வருஷத்துக்கு மேலே கீற்று கட்டிப் பாதி வெயில்தான் படவிடணும்.