பள்ளியில் காய்ச்சாத பால்: குழுக் கூட்டத்துக்கு முன் ஒரு விளக்கம் தேவை

எங்கள் பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளியில், பண்ணையில் கறந்த பாலைக் காய்ச்சாமல் குளிரவைத்து மட்டும் அடுத்த மாதம் முதல் காலை இடைவேளையில் வழங்கலாம் என்று பெற்றோர் குழு முடிவெடுக்கும் நிலையில் உள்ளது. குடிக்கப்போகிறவர்களில் 5 வயதுக் குழந்தைகளும் உண்டு.

பண்ணையின் ஆய்வக அறிக்கையைக் கேட்டுப் பெற்றேன். அது ஒரு நாள் மாதிரிக்கு உரியது. அன்று கிருமி இல்லை என்பதால் மறுநாள் கறவையும் அப்படியே இருக்கும் என்று சொல்ல இயலாது. ஈ.கோலை ஓ157 வகைக் கிருமி, நலமாகத் தெரியும் மாட்டின் குடலிலும் இருக்கக்கூடும். சாணம் சிறிதளவு பாலில் கலந்தாலும் சிறு குழந்தைகளுக்குச் சிறுநீரகச் செயலிழப்பு வரை போகலாம். குளிர்பதனப் பெட்டியும் தீர்வாகாது, லிஸ்டீரியா என்ற கிருமி அந்தக் குளிரிலும் பெருகும். (பண்ணை சுத்தமாகத்தான் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை.) இவற்றைக் குழுவிடம் எழுதிக் கொடுத்தபோது, சூடாக்கினால் சத்து போய்விடும் என்றார்கள். புரதமும் கால்சியமும் பெரிதாகக் குறைவதில்லை, சில வைட்டமின்களே சற்றுக் குறையும் என்று விளக்கியும் பயனில்லை.

பதப்படுத்திய பாலை வாங்கும் யோசனை செலவைக் காட்டி மறுக்கப்பட்டது. எஞ்சியிருப்பது, பள்ளிச் சமையலறையிலேயே பாலை 63 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைத்து, பின் விரைவாகக் குளிர்விப்பது. அங்கே பெரிய பாத்திரமும் வெப்பமானியும் உள்ளன. பதப்படுத்தும் கருவி இல்லை.

பால் முழுவதும் அந்த வெப்பத்தை எட்டியதா என்பதை, பாஸ்படேஸ் சோதனை (பாலில் இயல்பாக உள்ள, இந்த வெப்பத்தில் அழியும் நொதி எஞ்சியுள்ளதா என்று பார்ப்பது) போன்ற ஒன்றைக் கொண்டு பள்ளியிலேயே நாள்தோறும் உறுதிசெய்வது நடைமுறையில் சாத்தியமா?