இருநூறு மீட்டர் ராக்கெட்டும் மிதிபட்ட உளுந்தும்

வெண்ணாற்றங்கரை:
நீடாமங்கலம் பக்கம் நாங்கள் நான்கு பேர் மாசி பிறந்ததிலிருந்து தண்ணீர் ராக்கெட் விடுகிறோம். ஒன்றரை லிட்டர் குளிர்பான பாட்டில், மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், சைக்கிள் பம்பில் நூறு பவுண்டு காற்று, அவ்வளவுதான். போன ஞாயிறு உயரமானி 92 மீட்டர் காட்டியது. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி, அதாவது 66 மீட்டர். அதைத் தாண்டிவிட்டோம் என்று ஒரே கொண்டாட்டம். அடுத்த குறி 200. வீட்டில் வெட்டி வேலை என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

குடமுருட்டி:
தம்பி, தப்பாக நினைக்காதீர்கள், பாட்டிலும் தண்ணீரும் பள்ளிக்கூடக் கண்காட்சிக்குத்தான். உயரம் வேண்டுமென்றால் வெடிமருந்துதான். 2004 மே 17 அன்று அமெரிக்காவில் நெவாடா பாலைவனத்திலிருந்து ஓர் அமெச்சூர் குழு விட்ட ராக்கெட் 116 கிலோமீட்டர் போனது. விண்வெளியின் எல்லையே 100 கிலோமீட்டர்தான். அவர்களும் ஒரு காலத்தில் சின்னதில் ஆரம்பித்தவர்கள்தானே?

கடைமடை:
116 கிலோமீட்டர் போனவன் பாலைவனத்தில் விட்டான். இங்கே எங்கே பாலைவனம்? சம்பா அறுத்த தாளில் உளுந்து நிற்கிறது, பூவும் பிஞ்சுமாக. போன வாரம் எங்கள் ஊரில் நாலைந்து பையன்கள் மேலே பார்த்தபடியே வயலுக்குள் ஓடினார்கள். ராக்கெட் கிடைத்தது. எனக்கு ஒரு பாத்தி போனது. வேலி இல்லாத வயல் என்றால் மைதானம் என்று அர்த்தமா? இதில் மருந்து வேறு. பக்கத்திலேயே வைக்கோல் போர், அதற்கடுத்து கீற்றுக் கொட்டகை. யார் பதில் சொல்வது?

குடமுருட்டி:
அண்ணே, தீபாவளிக்கு விடும் ராக்கெட்டும் அதே கொட்டகைப் பக்கம்தான் பறக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை.

பழைய வாத்தியார்:
தீபாவளி ராக்கெட் உரிமம் பெற்ற ஆலையில் செய்தது. வீட்டில் மருந்து இடித்தால் 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், குழாய் வெடித்தால் விரல் போகும். இன்னொன்று, தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 முதல் சுகோய் போர் விமானப் படைப்பிரிவு இருக்கிறது. நம் தலைக்கு மேலே இருப்பது காலி வானம் இல்லை.

ஆனால் தண்ணீர் ராக்கெட் கண்காட்சிக்குத்தான் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். 2015இல் கேப் டவுன் பல்கலைக்கழகத்தார் கார்பன் இழையில் செய்த தண்ணீர் ராக்கெட் 830 மீட்டர் போய் உலக சாதனை படைத்தது. அந்தச் சாதனைக்கு ஒரு விதி உண்டு: இரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு முறை ஏவ வேண்டும், சராசரிதான் கணக்கு. ஒரே ஒரு முறை எகிறிவிட்டு எங்கோ விழுந்து நொறுங்கினால் செல்லாது.

தம்பிக்கு ஒரு கேள்வி. காலி ராக்கெட்டின் எடை என்ன?

வெண்ணாற்றங்கரை:
70 கிராம், சார். இன்னும் குறைக்கப் பார்க்கிறோம்.

பழைய வாத்தியார்:
குறைக்காதீர்கள்! எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். தண்ணீர் பீய்ச்சுவது அரை நொடிகூட நீடிக்காது. அப்புறம் மூன்று, நான்கு நொடி வெறும் வீச்சுதான். நெல் தூற்றும்போது பார்த்திருப்பீர்கள், மணி தள்ளிப் போய் விழும், பதர் காற்றில் நின்றுவிடும். ராக்கெட்டும் அப்படித்தான். ரொம்ப லேசானால் காற்று அதை உடனே நிறுத்திவிடும், ரொம்பக் கனத்தால் எழும்பாது. நடுவில் ஓர் எடை இருக்கிறது. மூக்கில் பத்துப் பத்து கிராம் கூட்டி ஏவிப் பார்த்துக் கண்டுபிடியுங்கள். மூக்கு கனத்தால் நேராகவும் போகும்.

பாட்டிலை அகலமாக்காமல் இரண்டை நீளவாக்கில் இணையுங்கள். காற்றைக் கிழிக்கும் வட்டம் அதேதான், உள்ளே அடைபடும் காற்று மட்டும் இரட்டிப்பு. ஆனால் இணைப்பை முதலில் முழுக்கத் தண்ணீர் நிரப்பி அழுத்திச் சோதியுங்கள். அப்போது பிய்த்துக்கொண்டாலும் நனைவதோடு போகும்.

உயரமானி காற்றழுத்தத்தை வைத்துத்தான் உயரம் சொல்கிறது. அதற்குப் போடும் துளை வளைந்த மூக்கில் இருக்கக் கூடாது, நேரான உடம்பில் இருக்க வேண்டும். தரைப்பக்கம் 1 ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் தவறினாலே எட்டு மீட்டர் பொய் சொல்லும். உங்கள் 92இல் எவ்வளவு நிஜம் என்று எனக்குச் சந்தேகம்தான்.

வெண்ணாற்றங்கரை:
துளை மூக்கில்தான் போட்டிருக்கிறோம் சார். கொண்டாடியது வீணா!

கடைமடை:
200 மீட்டர் போனால் எங்கே விழும்? அதை யாரும் சொல்லவில்லையே.

பழைய வாத்தியார்:
நியாயமான கேள்வி. பாராசூட் குடை விரித்து நொடிக்கு 4 மீட்டர் வீதம் இறங்கினால் 50 நொடி. காற்று 5 மீட்டர் வேகமென்றால் 250 மீட்டர் தள்ளிப்போகும். நாலு பேர் நிலம் தாண்டிவிடும். குடைக்குப் பதில் நீளமான நாடா கட்டினால் சீக்கிரம் இறங்கும். விடியற்காலையில் விடுங்கள், கடல்காற்று கிளம்புவதற்குள் முடித்துவிடுங்கள்.

குடமுருட்டி:
இத்தனை கட்டுப்பாட்டில் சாதனையாவது மண்ணாவது. ஊருக்குள் இருந்துகொண்டு உயரம் தேடுவதே வேண்டாத வேலை. மருந்து ராக்கெட்டுக்கு உரிமம், திடல் எல்லாம் முறையாகக் கேட்டு வாங்க வேண்டும் என்பதுதான் என் கட்சி, இப்போதும். தண்ணீரில் 200 தாண்டட்டும், பேசுவோம்.

கடைமடை:
சரி தம்பி. சித்திரையில் உளுந்து பிடுங்கிவிடுவேன். அதிலிருந்து ஆற்றில் தண்ணீர் வரும்வரை என் ஒன்றரை மா நிலம் சும்மாதான் கிடக்கும். வந்து விடுங்கள். ஓடுவது வரப்பில் மட்டும்.

வெண்ணாற்றங்கரை:
ரொம்ப நன்றி அண்ணே. பிடுங்கிய செடியைக் காயப்போடும் களம் எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். ஏவுதளத்தை அதற்கு எதிர்ப்பக்கம் வைத்துக்கொள்கிறோம்.