வீட்டிலேயே செய்த புத்தக ஸ்கேனர்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

அப்பா விட்டுச்சென்ற புத்தகங்களில் ஒரு பெட்டி நிறைய இருப்பவை இப்போது கையில் எடுக்கவே மனம் பதறும் நிலையில் இருக்கின்றன. தாள் பழுப்பேறி, மூலையைத் தொட்டாலே சருகு மாதிரி உடைகிறது. மரக்கூழில் செய்த மலிவுத் தாளில் உள்ள அமிலம் செய்கிற வேலை அது. சாதாரண ஸ்கேனரில் வைத்தால் புத்தகத்தை 180 டிகிரிக்கு விரித்து, கவிழ்த்து, அமுக்க வேண்டும். அப்படிச் செய்த முதல் புத்தகத்திலேயே முதுகு பிளந்துவிட்டது. அன்றைக்கு அதை மூடி வைத்துவிட்டு, பிளைவுட், கண்ணாடி, இரண்டு பழைய கேமராக்கள் இவற்றை வைத்து நானே ஒன்று செய்ய ஆரம்பித்தேன். ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போது ஓடிக்கொண்டிருப்பது மூன்றாவது வடிவம்.

அமைப்பு புதிதல்ல. 2009-இல் டேனியல் ரீட்ஸ் தன்னுடைய வடிவத்தைப் படங்களோடு வெளியிட்ட பிறகு உலகம் முழுக்கப் பலர் இப்படிச் செய்திருக்கிறார்கள். ஆங்கில ‘வி’ எழுத்து மாதிரி ஒரு தொட்டில். அதில் புத்தகம் பாதி திறந்தபடி சாய்ந்திருக்கும். மேலிருந்து அதே ‘வி’ வடிவத்தில் இரண்டு கண்ணாடித் தகடுகள் வந்து பக்கங்களை மெல்ல அழுத்தித் தட்டையாக்கும். இடப் பக்கத்தை ஒரு கேமரா, வலப் பக்கத்தை இன்னொரு கேமரா நேருக்கு நேராகப் பார்க்கும். புத்தகம் 90 அல்லது 100 டிகிரிக்கு மேல் விரியத் தேவையில்லை என்பதால் முதுகுக்கு வலி இல்லை.

முதல் வடிவத்தில் நான் செய்த தவறு, தொட்டிலையும் கேமராக்களையும் அசையாமல் பொருத்திவிட்டு, கண்ணாடியைக் கையால் தூக்கித் தூக்கிப் புத்தகத்தின் மேல் வைத்தது. முதல் இருபது பக்கங்கள் அருமையாக வந்தன. நூறாவது பக்கம் தாண்டியதும் இடப் பக்க எழுத்துகள் பெருக்க, வலப் பக்க எழுத்துகள் சிறுக்க ஆரம்பித்தன. கேமராவைத்தான் சந்தேகப்பட்டேன். இரண்டு வாரம் அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்தேன். காரணம் மிக எளிது. பக்கம் புரளப் புரள இடப்பக்கக் கட்டு தடிக்கிறது, வலப்பக்கக் கட்டு மெலிகிறது. 2 செ.மீ. தடிமனுள்ள புத்தகத்தில், முதல் பக்கத்துக்கும் கடைசிப் பக்கத்துக்கும் இடையே தாளின் மேற்பரப்பு கேமராவை நோக்கி 2 செ.மீ. நகர்ந்துவிடுகிறது. கேமரா 50 செ.மீ. தொலைவில் இருந்தால் எழுத்தின் அளவில் ஏறத்தாழ 4 விழுக்காடு வித்தியாசம். ஃபோகஸும் அதோடு நழுவுகிறது.

ஆகவே இரண்டாவது வடிவத்தில் எல்லாவற்றையும் தலைகீழாக்கினேன். கண்ணாடியும் கேமராக்களும் ஒரே சட்டத்தில் இறுக்கமாக நிற்கும். அவற்றுக்கு நடுவே உள்ள தொலைவு எந்தக் காலத்திலும் மாறாது. தொட்டில்தான் கீழேயிருந்து எழும்பி வந்து புத்தகத்தைக் கண்ணாடியில் ஒட்ட வைக்கும். ஒரு நெம்புகோலும் எதிர் எடையும் போதும், விரலால் தள்ளினாலே ஏறுகிறது. தொட்டிலுக்கு அடியில் மேசை டிராயருக்குப் போடும் சேனல் இரண்டைக் குறுக்காகப் போட்டேன். புத்தகத்தின் முதுகு தானாகவே இடமும் வலமும் நகர்ந்து நடுவுக்கு வந்துவிடுகிறது. இந்தச் சேனலைப் போட்ட அன்று எனக்குக் கிடைத்த நிம்மதி, மொத்த வேலையிலும் வேறு எதிலும் கிடைக்கவில்லை. ஸ்கேனர் செய்ய நினைக்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: எது நகர வேண்டும், எது நகரவே கூடாது என்று மரத்தை அறுப்பதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்து கேமராவை நேராக நிறுத்துவது. பக்கம் செவ்வகமாக வராமல் ஒரு ஓரம் அகலமாகவும் மறு ஓரம் குறுகலாகவும் வந்துகொண்டிருந்தது. மட்டப்பலகை, கோணமானி எல்லாம் வைத்துப் பார்த்தேன், சாய்வான பரப்பில் அவை சரிப்பட்டு வரவில்லை. கடைசியில் கைகொடுத்தது முகம் பார்க்கும் கண்ணாடி. அதைத் தகட்டோடு படிய ஒட்டி, பக்கத்தின் மையம் வரும் இடத்தில் வையுங்கள். கேமராத் திரையில் பார்த்தால் லென்ஸ் தன்னைத் தானே பார்த்துக்கொண்டிருக்கும். அந்த லென்ஸின் உருவம் திரையின் நட்டநடுவில் இருந்தால் கேமரா பக்கத்துக்குச் செங்குத்தாக நிற்கிறது. ஒதுங்கித் தெரிந்தால் சாய்ந்திருக்கிறது. திரையில் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொண்டால் ஒரு மில்லிமீட்டர் பிசகுகூடக் கண்ணுக்குத் தெரியும். ஐந்து நிமிட வேலை. ஒவ்வொரு புத்தகத்துக்கு முன்பும் செய்கிறேன்.

கேமரா விஷயத்தில் பெரிய கவலை வேண்டாம். 16 மெகாபிக்சல் கேமரா என்றால் நீளவாட்டில் 4608 புள்ளிகள். 24 செ.மீ. உயரத்தை அதில் நிரப்பினால் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 487 புள்ளிகள் கிடைக்கும். படத்தில் உள்ள எழுத்தைப் படித்து உரையாக்கும் எழுத்துணரிக்கு 300 இருந்தால் போதும். ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவைக் குறைந்தபட்சத்தில் வையுங்கள். வெளிச்ச அளவு, வெள்ளைச் சமநிலை, ஃபோகஸ் மூன்றையும் கையால் பூட்டிவிடுங்கள். ஜூமை முழு அகலத்தில் வைக்காதீர்கள், நேர்கோடுகள் பீப்பாய் மாதிரி வெளியே வளையும்.

ஜூம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 400 பக்கப் புத்தகத்தில் 260-ஆம் பக்கத்தில் பேட்டரி தீர்ந்தது. மாற்றிப் போட்டு, ஜூமை அதே இடத்துக்குக் கொண்டுவந்ததாக நினைத்துத் தொடர்ந்தேன். வந்தது அதே இடம் அல்ல. மீதி 140 பக்கங்களும் ஒரு சுற்று பெரிய எழுத்தில் இருந்தன. இப்போது இரண்டு கேமராக்களுக்கும் பேட்டரி இடத்தில் மின்கம்பி செருகும் போலி பேட்டரி போட்டிருக்கிறேன். அதோடு, எப்போது உட்கார்ந்தாலும் முதல் படம் ஒரு அளவுகோலைப் பக்கத்தின் மேல் வைத்து எடுத்த படமாக இருக்கும்.

இன்னொரு பிழையை என்னால் மறக்க முடியாது. இடப் பக்கத்தை எடுக்கும் கேமரா வலது பக்கம் நிற்கிறது என்பதால் கோப்புறைகளுக்குப் பெயர் வைப்பதில் குழம்பியிருந்தேன். இடப் பக்கங்கள் இரட்டைப்படை எண், வலப் பக்கங்கள் ஒற்றைப்படை. ஒரு புத்தகத்தில் ஒரு கேமரா ஓரிடத்தில் படம் எடுக்காமல் விட்டது, வேறோர் இடத்தில் ஒரே பக்கத்தை இரண்டு முறை எடுத்தது. இரண்டு கோப்புறைகளிலும் எண்ணிக்கை சமம். எல்லாம் சரி என்று கோத்துவிட்டேன். நடுவில் 60 பக்கங்கள் இடம் மாறிக் கிடந்தன, ஒரு பக்கம் இல்லவே இல்லை. புத்தகத்தை மறுபடி வெளியே எடுத்தபோது அந்தத் தாளின் ஓரம் என் கையிலேயே உடைந்தது. அதிலிருந்து கோப்புறைகளுக்கு ‘இரட்டை’, ‘ஒற்றை’ என்று மட்டும் பெயர். ஐம்பது பக்கத்துக்கு ஒருமுறை நிறுத்தி, அச்சிட்ட பக்க எண்ணையும் படத்தின் எண்ணையும் ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் மேலே போகிறேன்.

இப்போது ஒரு புரட்டலுக்கு எட்டு விநாடி. 300 பக்கம் என்றால் 150 புரட்டல், 20 நிமிடம். இதைவிட வேகம் எனக்கு வேண்டாம், தாள் தாங்காது.

வெளிச்சம்தான் இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. யாராவது எழுதினால் நன்றாக இருக்கும்.

* * *

வெளிச்சத்தைப் பற்றி நான் எழுதுகிறேன் ஐயா. ஆறு மாதம் அதோடுதான் மல்லுக்கட்டினேன்.

நான் முதலில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு விளக்கு வைத்தேன். இரண்டு கண்ணாடியிலும் வெள்ளைத் திட்டு விழுந்தது, அந்த இடத்தில் எழுத்தே இல்லை. விளக்கு கேமரா இருக்கும் பக்கத்திலேயே இருந்தால் அதன் பிம்பம் நேராக லென்ஸுக்குள் வந்துவிடும். இரண்டையும் எடுத்துவிட்டு, புத்தகத்தின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே ஒரே விளக்கைத் தொங்கவிட்டேன். ஒளி ஒவ்வொரு பக்கத்திலும் 45 டிகிரியில் விழுந்து, எதிர்க் கண்ணாடியை நோக்கிக் குறுக்கே போய்விடுகிறது, கேமராவுக்குள் வருவதில்லை. திட்டு அன்றைக்கே போனது.

ஆனால் விளக்கு தாழ்வாக இருந்ததால் பக்கத்தின் வெளி ஓரம் வெளுத்தும், முதுகை ஒட்டிய பகுதி இருண்டும் வந்தன. ‘வி’ வடிவத்தில் வெளி ஓரம் மேலே தூக்கி இருப்பதால் அது விளக்குக்கு அருகில் இருக்கிறது. விளக்கை 40 செ.மீ. உயரத்திலிருந்து 80 செ.மீ.க்கு ஏற்றியதும் வித்தியாசம் வெகுவாகக் குறைந்தது. புத்தகம் தொடங்கும் முன் வெறும் வெள்ளைத் தாளை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன், பிறகு கணினியில் சமன் செய்ய அது உதவுகிறது.

கேமராவின் வெள்ளி நிற உடலும், அதில் அச்சிட்ட எழுத்துகளும் கண்ணாடியில் தெரிந்து பக்கத்தின் நடுவில் நிழலாக விழும். கறுப்பு அட்டையில் லென்ஸ் அளவுக்கு வட்டம் வெட்டி முன்னால் மாட்டுங்கள். நீங்களும் கருநிறச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். என் வெளிர் மஞ்சள் துப்பட்டாவின் சாயல் ஒரு முழு அத்தியாயத்தில் படிந்திருந்தது.

ஒரு படம் பளிச்சென்றும் அடுத்தது மங்கலாகவும் வருகிறதா? எல்இடி விளக்கின் துடிப்பைப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கின்றன. ஷட்டரை 1/50 விநாடியில் வைத்தால் ஒவ்வொரு படத்துக்கும் முழுசாக இரண்டு துடிப்பு கிடைத்துவிடும். மற்ற விளக்குகளை அணைத்து, ஜன்னலையும் மூடிவிடுங்கள். மாலை நேரத்தில் ஆரம்பித்தால் முதல் பக்கத்துக்கும் கடைசிப் பக்கத்துக்கும் தாளின் நிறமே வேறாகிவிடும்.

கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போட நினைப்பவர்களுக்கு: எடை குறைவு என்பது உண்மைதான். ஆனால் துடைக்கத் துடைக்க நிலைமின்சாரம் ஏறி, பழைய தாள் அதில் ஒட்டிக்கொண்டு மேலே வருகிறது. எனக்கு அப்படித்தான் ஒரு தாள் கிழிந்தது.

* * *

மரவேலை தெரியாதவர்கள் மனம் தளர வேண்டாம். நான் அட்டைப் பெட்டியைச் சாய்வாக வெட்டித் தொட்டிலாக்கி, ஒரே ஒரு கைப்பேசியை வைத்து எடுக்கிறேன். முதலில் வலப் பக்கங்களை மட்டும் கடைசி வரை எடுத்து முடித்துவிடுவேன். பிறகு புத்தகத்தைத் திருப்பி வைத்து இடப் பக்கங்கள். திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுவேன். இயர்போன் கம்பியில் உள்ள ஒலிப் பொத்தானை அழுத்தினால் படம் விழும், கைப்பேசியைத் தொடவே வேண்டாம். நேரம் இரண்டு மடங்குதான், ஆனாலும் பதினோரு புத்தகங்கள் முடித்திருக்கிறேன்.

* * *

படம் எடுத்த பிறகு நடப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் மெய்ப்புப் பார்க்கிறவள், அதனால்தான் இது என் கண்ணில் பட்டது.

ஸ்கேன் டெய்லர் என்ற மென்பொருளில் பக்கத்தைப் பிரித்து, நிமிர்த்தி, ஓரம் ஒதுக்கி, கடைசியில் கறுப்பு வெள்ளையாக்குவோம் அல்லவா? அங்கே தூசிப் புள்ளிகளை நீக்கும் வசதி ஒன்று உண்டு. பழைய தாளில் கறை நிறைய இருந்ததால் அதை உச்சத்தில் வைத்திருந்தேன். பக்கம் பளிங்கு மாதிரி ஆனது. படிக்க உட்கார்ந்தால் ‘பட்டம்’ என்பது ‘படடம்’ என்று இருக்கிறது. ‘கண்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘கண’. ஈய எழுத்தில் அச்சான பழைய புத்தகங்களில் மெய்யெழுத்தின் புள்ளி மிகச் சிறியது, மை தேய்ந்தும் இருக்கும். மென்பொருளுக்கு அதுவும் தூசிதான். ஆங்கிலப் புத்தகத்தில் இப்படிப் போனால் சில நிறுத்தற்குறிகள் போகும். தமிழில் சொல்லே போய்விடுகிறது. எழுத்துணரியில் போட்டாலும் அது புள்ளியில்லாமல்தான் படிக்கும்.

இப்போது தூசி நீக்குவதைக் குறைந்த அளவிலேயே வைக்கிறேன், சில புத்தகங்களுக்கு முழுக்க நிறுத்திவிடுகிறேன். கறை தெரிந்தால் தெரியட்டும்.

பிடிஎஃப் ஆக்கும்போதும் கவனம் வேண்டும். ஜேபிக்2 என்ற சுருக்க முறையில், இழப்பை அனுமதிக்கும் வகை ஒன்று, ஒத்த உருவங்களை ஒரே உருவமாக்கி இடத்தை மிச்சப்படுத்தும். 2013-இல் சில அலுவலக நகல் இயந்திரங்களில் 6 என்ற எண் 8 ஆக மாறி அச்சானதற்கு இதுதான் காரணம். நம் எழுத்தில் ‘ன’வும் ‘ள’வும் எவ்வளவு நெருக்கம் என்று நினைத்துப் பாருங்கள். இழப்பில்லாத வகையைத் தேர்ந்தெடுங்கள், கோப்பு கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.

* * *

அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு நேற்று இரவு என் புத்தகங்களைத் திறந்து பார்த்தேன். இதுவரை முடித்த ஒன்பதில் நான்கில் புள்ளிகள் போயிருக்கின்றன. ஒன்றில் பக்கத்துக்கு இருபது முப்பது. இத்தனை நாள் படத்தின் ஓரம் நேராக இருக்கிறதா, எழுத்து கூர்மையாக இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, ஒரு பக்கத்தைக்கூட உட்கார்ந்து வாசிக்கவில்லை.

கேமராவிலிருந்து வந்த மூலப் படங்களை அழிக்காமல் வேறு வட்டில் வைத்திருக்கிறேன். அதனால் பெட்டியை மறுபடி திறந்து அந்தத் தாள்களைத் தொட வேண்டியதில்லை. விளக்கையும் நடுவுக்கு மாற்றி 80 செ.மீ. உயரத்தில் கட்டிவிட்டேன், வலப் பக்கத்தில் இருந்த திட்டு போய்விட்டது. நான்கில் முதல் புத்தகம், தூசி நீக்கம் இல்லாமல், இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. முடிந்ததும் பத்துப் பக்கம் வாசித்துவிட்டு எழுதுகிறேன்.