ஐந்து ரோடு ஃபிளாட்: ஹாரன் சத்தம், பக்கத்து வீட்டு டிவி. ஃபோம் ஒட்டலாமா?

மல்கோவா636:
சேலம் ஐந்து ரோடு பக்கம், ரெண்டாவது மாடி, சொந்த ஃபிளாட். பெட்ரூம் ஜன்னல் ரோட்டைப் பார்த்து இருக்கு. அலுமினிய ஸ்லைடிங், 4 மி.மீ. கண்ணாடி. நடு ராத்திரியிலும் பஸ் ஹாரன். தலைமாட்டுச் சுவர் நாலரை இஞ்ச். அந்தப் பக்கம் ஓடுற டிவி வார்த்தை வார்த்தையா கேக்குது. மேல் வீட்டுல நாற்காலி இழுக்குற சத்தம் வேற. முட்டை அட்டை மாதிரி இருக்குற ஃபோமைச் சுவர் முழுக்க ஒட்டச் சொல்றாங்க. ஒட்டலாமா?

ஜன்னல்மேஸ்திரி:
ஒட்டாதீங்க. ஃபோம் உங்க அறைக்குள்ள எதிரொலியைத்தான் குறைக்கும். வெளிச்சத்தத்தைத் தடுக்க எடையும் காத்துப் புகாத அடைப்பும் வேணும், ஃபோம்ல ரெண்டும் கிடையாது. சீக்கிரம் தீப்பிடிக்கும் வேற.

முதல்ல ஜன்னல். ஃபேனை நிறுத்திட்டு, ஊதுபத்தியை ஃபிரேம் ஓரமா மெதுவா நகர்த்துங்க. புகை ஆடுற இடமெல்லாம் சத்தம் நுழையிற வழி. ஸ்லைடிங்ல ரெண்டு கதவும் சேர்ற நடு இடமும், தேஞ்சுபோன பிரஷ் பட்டையும்தான் பெரும்பாலும் மாட்டும். பட்டையை மாத்துங்க. ஃபிரேமுக்கும் சுவருக்கும் நடுவுல சிலிக்கான் போடுங்க, ஒயிட் சிமென்ட் வெடிச்சுரும். அடி டிராக்ல இருக்குற ஓட்டையை மட்டும் அடைக்காதீங்க. அது மழைத்தண்ணி போற வழி.

இது பத்தலைன்னா பழைய ஜன்னலைப் பிடுங்க வேண்டாம். உள்பக்கம் 100 மி.மீ. தள்ளி இன்னொரு ஜன்னல் வைங்க: ஓரத்துல ரப்பர் கேஸ்கெட் போட்ட யூபிவிசி (கெட்டி பிளாஸ்டிக் ஃபிரேம்), ஸ்லைடிங் இல்லாம திறந்து மூடுற கதவு, 6.38 மி.மீ. லேமினேட்டட் கண்ணாடி (நடுவுல பிளாஸ்டிக் படலம் வச்சு ஒட்டின ரெண்டு கண்ணாடி). டபுள் கிளாஸ்னு 12 மி.மீ. இடைவெளியில விக்கிறதை நம்பிப் போகாதீங்க. வெயிலுக்கு நல்லது, பஸ் இன்ஜின் உறுமலுக்குப் பெரிசா உதவாது.

ஜிப்சம்காரர்:
சுவருக்கு நான் சொல்றேன். இன்னொரு வரிசை செங்கல் வைக்கிறது வீண். எடை ரெண்டு மடங்கானாலும் 5, 6 டெசிபல்தான் குறையும், ஸ்லாபுக்கும் பாரம். அதுக்குப் பதிலா சுவரைத் தொடாம 15 மி.மீ. தள்ளி 50 மி.மீ. ஜிஐ ஸ்டட் (துத்தநாகம் பூசின தகரச் சட்டம்) நிறுத்துங்க. தரையிலயும் சீலிங்லயும் மட்டும் பிடிப்பு, அதுக்கு அடியில ரப்பர் டேப். உள்ளே 50 மி.மீ. ராக்வூல் (பாறையை உருக்கிச் செஞ்ச பஞ்சு), மேல 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு ரெண்டு அடுக்கு, ஜாயின்ட் ஒண்ணு மேல ஒண்ணு வராம. மொத்தம் சுமார் மூணரை இஞ்ச் இடம் போகும்.

கெட்டுப்போறது எங்கேன்னா, வேலையாட்கள் பழக்கதோஷத்துல ஸ்டட்டைக் கிளாம்ப் போட்டுச் சுவரோட இறுக்கிருவாங்க. அதிர்வு அது வழியா நேரா வந்துரும், காசு தண்டம். கிட்ட நின்னு பாருங்க. போர்டு தரையில உக்காரக் கூடாது, 5 மி.மீ. விட்டு, காய்ஞ்சாலும் இறுகாத சீலன்ட் அடிக்கணும். அப்புறம் ஸ்விட்ச் பாக்ஸ்: ரெண்டு வீட்டுப் பாக்ஸும் முதுகோட முதுகா இருந்தா நடுவுல பூச்சு மட்டும்தான் இருக்கும். அதை அடைக்காம மத்ததைச் செஞ்சு பிரயோஜனமில்லை.

மேல் வீட்டு நாற்காலிக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டாலும் சத்தம் சுவர் வழியா இறங்கும். நாலு நாற்காலிக்கு 16 ஃபெல்ட் பேட் நீங்களே வாங்கிக் கொடுத்துருங்க. அதைவிட மலிவான வைத்தியம் இல்லை.

அம்மாபேட்டை_தறி:
இடையில ஒரு சந்தேகம். எங்களுக்கு ஒட்டின கட்டடத்துல விசைத்தறி. இதே ஜிப்சம் சுவர் உதவுமா?

ஜிப்சம்காரர்:
பெரிசா உதவாதுங்க. அது பெரும்பாலும் தரை வழியா வர்ற அதிர்வு. தறிக் காலுக்கு அடியில எடைக்கு ஏத்த ரப்பர் பேட் வைக்கணும், தறிக்காரர் மனசு வச்சாத்தான் ஆகும். குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்புன்னு 2000-ஆம் வருஷ விதி இருக்கு. பேச்சுல அதையும் சொல்லிப் பாருங்க.

மல்கோவா636:
நன்றிங்க. ரெண்டு ஜன்னலையும் மூடினா சேலம் வெயிலுக்கு என்ன செய்ய?

ஜன்னல்மேஸ்திரி:
ஏசி இல்லாம முடியாது. பகல்ல திறந்து வைங்க, தூங்கும்போது மட்டும் மூடுங்க. ஏசி பைப் போற ஓட்டையையும் பாருங்க. வழக்கமா அதைச் சும்மா பேப்பர் அடைச்சு விட்டிருப்பாங்க.