கடல்நீர்த் தொட்டிக்குத் தொடர் பிஎச் மானி: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி (மண்டபம்):
வணக்கம். வீட்டில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்து, பொரிப்பகத்தில் பிறந்த இரண்டு கோமாளி மீன்களை ஓராண்டாக வளர்த்து வருகிறேன். சொட்டுக் கரைசல் விட்டு நிறம் பார்க்கும் சோதனையில் பிஎச் (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) மாலையில் 8.2 தெரிகிறது, விடியற்காலையில் 7.9 போலத் தெரிகிறது. ஆனால் குழல்விளக்கின் ஒளியில் அந்த இரண்டு நிறங்களையும் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரவு முழுவதும் அளந்துகொண்டே இருக்கும் மானி ஒன்றை வாங்க நினைக்கிறேன். விலை குறைந்தவையும் கூடியவையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்று தெரியவில்லை.

பதில் (கீழக்கரை):
ஐயா, திரையின் அழகைப் பார்க்காமல், புரோபை, அதாவது நீருக்குள் இருந்து அளக்கும் பகுதியை, தனியே கழற்றி மாற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள். கண்ணாடி முனையுள்ள புரோப் நீரிலேயே கிடந்தால் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தளர்ந்துவிடும். பிஎன்சி இணைப்பு (புரோபின் கம்பியைத் திருகிப் பூட்டவும் கழற்றவும் கூடிய இணைப்பு) இருந்தால் புரோபை மட்டும் மாற்றலாம், இல்லையென்றால் மானியையே தூக்கிப் போட வேண்டியதுதான். பேனா வடிவ மானிகள் இரவும் பகலும் மூழ்கிக் கிடப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

நம் கடற்கரையில் உப்புக்காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். என் மானி ஒருமுறை தொட்டியிலும் 7.0 காட்டியது, எலுமிச்சைச் சாற்றிலும் 7.0 காட்டியது. புரோப் செத்துவிட்டது என்று நினைத்து இணைப்பைக் கழற்றினால், உள்ளே ஈரமும் பச்சைப் பூப்பும் படிந்திருந்தன. புரோப் தரும் மின்னழுத்தம் அங்கேயே கசிந்து சுழியாகிவிட்டால் மானி அதை 7 என்றுதான் படிக்கும். துடைத்து உலர்த்தியதும் சரியாகிவிட்டது. இணைப்பைத் தொட்டியின் மேல்விளிம்பில் தொங்கவிடாமல், எட்டத்தில் உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

தானியங்கி வெப்பநிலைச் சமன் (நீரின் வெப்பநிலைக்கேற்ப அளவை மானியே திருத்திக்கொள்ளும் வசதி) இருந்தால் நல்லது, ஆனால் அதற்காக அதிகம் செலவிட வேண்டாம். 25 டிகிரிக்குப் பதில் 30 டிகிரியில் அளந்தாலும், 8.2 அருகே அதனால் வரும் பிழை ஏறத்தாழ 0.02 மட்டுமே.

பதில் (தங்கச்சிமடம்):
மேலே சொன்னவற்றோடு ஒத்துப்போகிறேன். அளவுத்திருத்தத்துக்கு 7, 10 ஆகிய இரண்டு பஃபர்களையும் (பிஎச் முன்பே தெரிந்த கரைசல்கள்) ஏற்கும் மானியாகப் பாருங்கள். கடல்நீரின் பிஎச் அவ்விரண்டுக்கும் இடையில்தான் இருக்கிறது, 4 நமக்குப் பயன்படாது. 10 பஃபர் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி இறங்கிவிடும் என்பதால், பயன்படுத்தியதைத் திரும்பப் போத்தலில் ஊற்றாதீர்கள். கழற்றிய புரோபைப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வைக்க வேண்டும். காய்ச்சி வடித்த நீரில் வைத்தால் அது சீக்கிரம் கெடும்.

பம்பை நிறுத்தியதும் எண் சட்டென்று தாவினால், அந்தப் பம்பில் மின்கசிவு இருக்கலாம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத்தான் தண்ணீரில் கை வையுங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம். விடியலில் ஒரு குவளைத் தொட்டி நீரை முற்றத்துக்கு எடுத்துச் சென்று, காற்றுக்கல்லால் ஒரு மணி நேரம் குமிழ் விட்டுப் பிறகு அளந்து பாருங்கள். பிஎச் ஏறினால், இரவில் அது இறங்குவதற்குச் சாத்திய அறையில் சேர்ந்து நீரில் கரையும் கரியமில வாயுவே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இன்று ஐந்து மணிக்குச் செய்து பார்த்தேன். குவளை நீரின் நிறம் மாலையில் தெரியும் நிறத்துக்கே வந்துவிட்டது. இன்றிரவு முதல் வடக்குச் சன்னலைத் திறந்து வைக்கிறேன். மானியைப் பிஎன்சி இணைப்புள்ளதாகவே வாங்குகிறேன். பஃபர்களையும் அதனுடன் சேர்த்தே வாங்கிவிடுகிறேன்.