ஃபுல் ரிப்பேர் செய்த 3எல் என்ஜின் தண்ணி தள்ளுது, கராஜ்ல வொரண்டி இல்லைங்கிறாங்க

தலவாக்கலை வேன்:
டொயோட்டா டொல்பின் வேன், 3எல்ங்கிற டீசல் என்ஜின். ஃபுல் ரிப்பேர் செஞ்சு எடுத்து மூணு மாசம் ஆக இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. பில்லுல "6 மாதம் அல்லது 10,000 கி.மீ. வொரண்டி"ன்னு எழுதி சீல் அடிச்சிருக்கு. றம்பொடை ஏத்தத்துல சூட்டு முள்ளு ஏறுது, ரிசர்வ் போத்தல் நிறைஞ்சு வழியுது. ஆறின பிறகு பார்த்தா ரெடியேட்டர்ல தண்ணி குறைவு. ஒயில்ல பால் நிறம் இல்லை, அதாவது தண்ணி கலக்கலை. கராஜ்ல "தண்ணி பார்க்காம ஓட்டி சூடாக்கிட்டீங்க, ஹெட்டை (என்ஜின் மேல்மூடி) கழட்டணும்னா காசு கட்டுங்க"ங்கிறாங்க. வேற மெக்கானிக் பாஸ் ஒருத்தர் குறைஞ்ச கூலிக்குக் கழட்டித் தர்றேங்கிறார். விடலாமா? எங்க முறைப்பாடு பண்றது?

ஹட்டன் டீசல்:
விடாதீங்க அண்ணே. வேற ஆள் ஹெட்டைக் கழட்டினா, "அவர்தான் கெடுத்தார்"ன்னு கராஜ்காரர் சொல்ல வழி திறந்துடும். வேனை இனி ஓட்டவும் வேணாம், கட்டி இழுத்துட்டுப் போங்க.

கழட்டாமலே பார்க்கக்கூடியது இது. காலையில என்ஜின் நல்லா ஆறியிருக்கும்போது ரெடியேட்டரை விளிம்பு வரைக்கும் நிரப்பி, மூடி போடாம ஸ்டார்ட் பண்ணுங்க. முதல்ல வர்ற சில குமிழி உள்ளே தங்கின காத்தா இருக்கலாம். தண்ணி சூடேறும் முன்னமே நிக்காம குமிழி வந்து, அக்சிலேட்டர் மிதிக்க இன்னும் கூடினா, அது சிலிண்டர்ல இருந்து வர்ற கேஸ். ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப் நட்டையும் மாத்தி மாத்தி இளக்கிப் பாருங்க. எதை இளக்கும்போது குமிழி குறையுதோ அந்த சிலிண்டர்லதான் கசிவு. டீசல் பீச்சி அடிக்கும், கையை விலக்கி வைங்க. முழுசையும் நம்பர் பிளேட் தெரிய வீடியோ எடுங்க.

அந்தக் கேஸ் பெரும்பாலும் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற ஹெட் கேஸ்கட் வழியாத்தான் கசியும். 3எல்லுக்கு அது மூணு தடிப்புல வரும், சுமார் 1.4 முதல் 1.7 மில்லிமீற்றர் வரை. பிஸ்டன் பிளாக்குக்கு மேல எவ்வளவு நீட்டி நிக்குதுன்னு அளந்துதான் எதைப் போடுறதுன்னு முடிவெடுக்கணும். அளக்காம கடையில கிடைச்சதைப் போடுறது இங்க நிறைய நடக்குது. போல்ட் ஓட்டைக்குள்ள ஒயிலோ தண்ணியோ தேங்கியிருந்தாலும், டோர்க் ரென்ச் சரின்னு காட்டும், ஹெட் இறுகியிருக்காது. இரண்டும் பூட்டின ஆளோட பிழை, ஓட்டின ஆளோடது இல்லை.

கண்டி முறைப்பாடு:
இரண்டு கெடு இருக்கு, ரெண்டையும் ஒண்ணா நினைச்சுடாதீங்க. பில்லுல 6 மாசம்னாலும், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, முறைப்பாட்டை எழுத்துல கொடுக்க வேண்டியது பொருள் வாங்கின அல்லது சேவை பெற்ற நாள்ல இருந்து மூணு மாசத்துக்குள்ள. "பார்ப்போம், அடுத்த கிழமை வாங்க"ன்னு இழுத்தா அந்தக் கெடு போயிடும். இந்தக் கிழமையே நுவரெலியா கச்சேரியில (மாவட்டச் செயலகம்) இருக்கிற அதிகார சபை அலுவலகத்துல கொடுங்க. 1977க்கு போன் பண்ணி விவரம் கேட்கலாம், ஆனா எழுத்துல கொடுத்ததுதான் கையில நிக்கும். பில்லு, வீடியோ, என்ஜின் நம்பர் மூணையும் இணைங்க. என்ஜினையே மாத்திப் போட்டிருந்தா சீஆர் புத்தகத்துல (வாகனப் பதிவுப் புத்தகம்) உள்ள நம்பரோட ஒத்துப் பாருங்க.

அதே நாள் கராஜுக்குப் பதிவுத் தபால். கோபமா எழுத வேணாம்: குறை என்ன, எப்போ தொடங்கிச்சு, எந்தத் திகதியில ரெண்டு பக்கமும் இருக்க ஹெட் கழட்டணும், கழட்டுற கூலியைப் பிழை யார்மேலயோ அவரே ஏற்கணும். இவ்வளவு போதும். வழக்குன்னு போனா, தொகையைப் பொறுத்து முதல்ல மத்தியஸ்த சபை. அங்க லோயர் உங்களுக்காகப் பேச முடியாது, அதனால கடுதாசி எல்லாம் உங்க கையில ஒழுங்கா இருக்கணும்.

தலவாக்கலை வேன்:
குமிழி நிக்காம வருது. நுவரெலியாவுல கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள காத்து அமுங்குற அழுத்தம்) பார்த்தோம்: நாலு சிலிண்டருக்கும் வரிசையா 25, 25, 24, 17 கிலோ, சதுர சென்ரிமீற்றருக்கு. "கம்பனிக் கணக்கு 32, நாலுமே குறைவு, தண்ணியில்லாம ஓட்டி எல்லா பிஸ்டன் ரிங்கும் போச்சு"ங்கிறார் கராஜ்காரர்.

ஹட்டன் டீசல்:
அந்த 32 கடல் மட்டத்துக் கணக்கு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், காத்தழுத்தம் ஐந்துல ஒரு பங்கு குறைவு. அங்க 25 காட்டினா நல்ல என்ஜின். பார்க்க வேண்டியது சிலிண்டருக்கு சிலிண்டர் வித்தியாசம், 5 கிலோவுக்கு மேல போகக் கூடாது. உங்களுக்கு நாலாவது மட்டும் 7, 8 கிலோ விழுது. தண்ணியில்லாம காய்ஞ்ச என்ஜின் பெரும்பாலும் அப்படி ஒத்தையில நிக்காது: ஹெட் வளையும், பிஸ்டன் உரசின கோடு ஒண்ணுக்கு மேல தெரியும்.

ரெடியேட்டர் மூடியையும் சோதிங்க. அந்த உயரத்துல மூடி அழுத்தம் பிடிக்கலைன்னா தண்ணி 94 பாகையிலயே கொதிக்கும், "சூடாக்கிட்டீங்க"ன்னு அதையும் உங்க கணக்குல எழுதுவாங்க.

கழட்டுற நாள்ல கேஸ்கட்டைத் துடைக்க விடாதீங்க. கரி ஓடின தடம் நாலாவது சிலிண்டர்ல இருந்து தண்ணி ஓட்டைக்குப் போகுதான்னு அப்படியே படம் எடுங்க. ஹெட்டுக்கு நேர்விளிம்பு வச்சு ஃபீலர் கேஜ் விட்டு அளந்து, பிஸ்டன் நீட்டலையும் கேஸ்கட் தடிப்பையும் ஒரே தாள்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க. பழைய கேஸ்கட் உங்க கையோட வரணும்.