மண்ணிலிருந்து கறுப்பு வெள்ளை: கொண்டலாத்தி வானம்பாடி பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ரண் ஓரம்:
குஜராத்தின் கட்ச், சின்ன ரண் உப்புப் பாலை, மார்ச் காலை ஏழு மணி. மைனாவைவிடக் கொஞ்சம் சின்னது, மணல் நிறம், வெளிறிய நெடுங்கால், நுனி வளைந்த நீள அலகு. ஜீப் நெருங்கினால் பறக்காது. ஓடும், நிற்கும், நெஞ்சை நிமிர்த்திப் பார்க்கும், மறுபடி ஓடும். ஒரே ஒரு தடவை எழும்பியது. இறக்கை கன்னங்கரேல், குறுக்கே அகலமான வெள்ளைப் பட்டை! மூணு நொடிதான். இறங்கி மூடியதும் மறுபடி மண்ணாங்கட்டி. படம் மங்கல். இது கொண்டலாத்தி வானம்பாடிதானா?

புல்வெளி:
ஓட்டத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். மணல்நிறக் கோர்சர் என்ற தரைப்பறவையும் அங்கே அப்படித்தான் ஓடும், அதற்கும் அலகு வளைந்திருக்கும்.

மணல்மேடு:
புல்வெளி அண்ணே, கோர்சர் அலகு குட்டை. கண்ணுக்குப் பின்னால் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு பிடரி வரை போகும். இறக்கையின் அடிப்புறம் முழுக் கறுப்பு, மேலே வெள்ளைப் பட்டை கிடையாது. அவர் பார்த்தது பட்டை. அதோடு விஷயம் முடிந்தது. பாலைவன வானம்பாடி, கொண்டை வானம்பாடி இரண்டுக்கும் இறக்கையில் வெள்ளையே இல்லை. புதிதாகப் பார்ப்பவர்கள் பெயரை நம்பிக் கொண்டையைத் தேடுகிறார்கள். கொண்டைப் பறவையான கொண்டலாத்தியிடமிருந்து இந்த வானம்பாடி வாங்கியது இறக்கைக் கோலத்தையும் அலகையும்தான், கொண்டையை அல்ல. கண் வழியாக ஒரு கருங்கோடு, மார்பில் கரும்புள்ளிகள் (சிலதில் நிறைய, சிலதில் பெயருக்கு). ஜோடியாக நின்றால் பெரிய உடம்பும் நீள அலகும் ஆண்.

தோஹா பக்கம்:
கத்தார், பிப்ரவரி, விடியல். குட்டைப் புதர் உச்சியில் உட்கார்ந்து மெல்லிய விசில், ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு. விசில்களின் இடைவெளி குறையக் குறைய நேரே மேலே ஏறுகிறது. சில மீட்டர்தான். உச்சியில் குட்டிக்கரணம், இறக்கையை மூடிக்கொண்டு கல் மாதிரி விழுகிறது. தரையில் மோதிவிட்டது என்றே நினைக்கத் தோன்றும். கடைசி நொடியில் இறக்கை விரிகிறது, அதே புதரில் உட்கார்ந்துவிடுகிறது.

முள்வால்:
கோடையில் பகல் பத்து மணிக்கு மேல் தேடிப் பயனில்லை. தப் என்று அரபிகள் சொல்லும் முள்வால் பல்லியின் வளைக்குள் நடந்தே இறங்கிவிடும். சவூதியில் நடத்தி 1999-ல் வெளியான ஆய்வின்படி, வளைக்குள் ஒதுங்கினால் உடலிலிருந்து போகும் நீரில் 81 விழுக்காடு வரை மிச்சமாகும். நத்தை கிடைத்தால் கெட்டித் தரையில் அடித்து உடைக்கும், இல்லையேல் மேலிருந்து போடும். ஓடு சிதறிக் கிடக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மணல்மேடு:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கைபேசியில் பாட்டைப் போட்டு வரவழைக்காதீர்கள். ஆண் பறவை வேறொரு ஆண் வந்துவிட்டதென்று இரை தேடுவதை விட்டுவிட்டு ஓடிவரும். வண்டியை விட்டு இறங்கவும் வேண்டாம்; இன்ஜினை அணைத்து, அது ஓடும் திசைக்கு முன்னால் தள்ளி நிறுத்துங்கள். துரத்தினால் முதுகுதான் கிடைக்கும். காத்திருந்தால் அதுவே கடந்து போகும். கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/2000 நொடிக்குக் கீழே இறக்காதீர்கள், இறக்கை விரியும் அந்தப் படம் ஒன்று போதும். கூடு தரையில் அல்லது தாழ்ந்த புதரடியில் இருக்கும், ஆகவே சக்கரம் பழைய தடத்தை விட்டு விலகக் கூடாது.

ரண் ஓரம்:
மங்கல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இறக்கையின் பின்விளிம்பிலும் வெள்ளை இருக்கிறது.

மணல்மேடு:
அப்புறம் என்ன, கொண்டலாத்தி வானம்பாடியேதான்.